ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை

பாளையங்கோட்டை முத்துமாலை காம்பவுண்டில் ஆறாம் நம்பர் வீட்டு வாசல்படியைத் தாண்டி உள்ளே போனால் சுபிக்கு விழுந்த பல் முளைத்துவிடும், தாண்டி வெளியே வந்தால் மறுபடியும் பொக்கை வாயாகிவிடும். இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கண்ணை அகல விரிப்பார்கள், காம்பவுண்டுக்காரர்களிடம் சொன்னால் "அதுக்கென்ன இப்போ" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்கு அது குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற மாதிரிதான்.

சுபியின் அப்பா நம்பிராஜன் பேக்கரியில் மாஸ்டர், ஊர் உறங்கும்போது மாவு பிசைந்துவிட்டு ஊர் எழும்போது வந்து உறங்குகிறவன். அம்மா கோமதி ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். அவன் வரும் நேரம் அவள் கிளம்புவாள், அவள் வரும் நேரம் அவன் கிளம்புவான், நடுவில் பேசக் கிடைத்த கொஞ்ச நேரத்தையும் இரண்டு பேரும் சண்டைக்கே செலவழித்தார்கள். குடி கிடையாது, அடி உதை கிடையாது, இன்னொருத்தி இன்னொருத்தன் என்ற பேச்சே கிடையாது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசியாவது பார்த்திருப்பார்கள். இது வெறும் வாய்ச்சொல், அவன் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்ல தடித்துத் தடித்துக் கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது. பிள்ளை அம்மாவிடம் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து சாயங்காலம் அஞ்சு வரை அப்பாவிடம் இருக்கட்டும் என்று தீர்ப்பானது. சுபிக்கு அப்போது நாலு வயசு.

தீர்ப்போடு விட்டிருக்கலாம், விட்டார்களா? கோர்ட்டுப் படியில் வைத்து, வக்கீல்களும் டீக்காரரும் பார்க்க, "என் கால் இனிமே உங்க வாசல்ல படாது" என்றாள் கோமதி. "உன் மூஞ்சில முழிச்சேன்னா நான் நம்பி இல்லட்டி" என்றான் இவன். சொன்ன இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஜாதி, அதுதான் வினை. ஞாயிறு காலையில் கோமதி பிள்ளையைக் காம்பவுண்டு கேட்டோடு விட்டுவிட்டுப் போவாள். எதிர்வீட்டு ஜெபராணி அக்கா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஆறாம் நம்பர் வாசலில் விடுவாள். நம்பி வெளியே தலை காட்டாமல் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பான். சாயங்காலம் ஜெபராணியேதான் வந்து கூட்டிப்போவாள். அந்த நேரத்தில் நம்பி பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வான், பிள்ளை போகிற சத்தம் காதில் விழக் கூடாதென்று.

முதல் இரண்டு வருஷம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வாசலில் சரியாக இருக்கிற கவுன் உள்ளே வந்ததும் தொளதொள என்று தொங்கும், "அவ ஆத்தா வளருத பிள்ளைன்னு பெரிய அளவா எடுத்திருக்கா" என்று ஊக்கு குத்திவிட்டுப் போவாள் ஜெபராணி. முன்பல் இரண்டும் விழுந்த ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் பிடிபட்டது. கேட்டில் பொக்கை வாயோடு சிரித்த பிள்ளை உள்ளே வந்து அரிசி அரிசியாகப் பல்லைக் காட்டிச் சிரித்தது.

"ஏட்டி, வாயத் தொற பாப்போம்" என்று ஜெபராணி தாடையைப் பிடித்துப் பார்த்தாள். வெளியே இழுத்துப் பார்த்தாள், பொக்கை. உள்ளே தள்ளிப் பார்த்தாள், பல். இப்படி இழுத்துத் தள்ளி இழுத்துத் தள்ளிப் பிள்ளை அழ ஆரம்பித்ததும் விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்பி, ஒன் வீட்டுக்குள்ள இவ வளரலடே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு மீன் குழம்பு கொதிக்கிறதென்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக வந்தது. உள்ளே வருகிற பிள்ளைக்கு அந்த நாலு வயசோடு சரி, அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு போன நாளோடு சரி, அதற்குப் பிறகு நடந்த ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் செருப்பைக் கழற்றியதும் கேட்கும்: "அம்மா எங்கப்பா?" ஒவ்வொரு ஞாயிறும் நம்பி சொல்வான்: "கடைக்குப் போயிருக்கா மக்கா, வந்துருவா." பிள்ளை சரியென்று தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடும். வெளியே போகிற பிள்ளைக்கோ உள்ளே இருந்த ஒன்றும் தெரியாது.

காம்பவுண்டில் கூடிப் பேசினார்கள். வீட்டு ஓனர் சிவசு அண்ணாச்சி வாசல்படியைப் பெயர்த்துப் புதுசு போடலாமா என்று கேட்டார்; ஜெபராணி அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே அடங்கியது. கோமதி காதில் போடக் கூடாது, கோர்ட்டு வாசனையே ஆகாது, ஜட்ஜம்மா வரைக்கும் போய்விட்டால் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும் என்று முடிவாயிற்று. ஆளாளுக்கு வீட்டில் இருந்த சின்ன கவுன், சின்ன செருப்பு எல்லாம் ஆறாம் நம்பர் அலமாரிக்கு வந்து சேர்ந்தன. விளையாட்டுக்கு ஆள் வேண்டுமே. வாசல் தாண்டி வர முடியாத பிள்ளையோடு விளையாடக் காம்பவுண்டில் அந்தந்த வருஷத்து நாலு வயசுக்காரர்களை அனுப்பினார்கள். அதுகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போய் 'பாப்பாவோட எல்லாம் விளையாட மாட்டேன்' என்றதும் அடுத்த செட்டு வந்தது. சுபியின் பழைய கூட்டாளிகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னும் மண்ணத் தின்னுட்டுத்தான் இருக்கியாட்டி" என்று கேலி பண்ணிவிட்டுப் போவார்கள்.

சேதி எப்படியோ கசிந்து நாலைந்து பேர் வெளியிலிருந்தும் வந்தார்கள். ஒரு அம்மா காலேஜில் படிக்கிற மகனை, மாடு மாதிரி வளர்ந்தவனை, கையோடு இழுத்துவந்து உள்ளே தள்ளினாள். அவனுக்கு நிலைப்படியில் தலை இடித்து வீங்கியதுதான் மிச்சம். "போன்ல கூப்பிட்டா 'ம்'முங்கான், அதுக்கு மேல ஒரு வார்த்த கெடையாது. நம்பி குடுத்து வச்சவன்" என்று மூக்கைச் சிந்திவிட்டுப் போனாள்.

நம்பியும் அப்படித்தான் நினைத்திருந்தான். ஆறு நாளும் அவன் ஆளே கிடையாது, மாவு பிசைகிற கை மட்டும்தான். ஏழாம் நாள் உயிர் வரும். கேக் ஓரத்தை வெட்டி எடுத்த தூளைச் சூடாகத் தாளில் பொதிந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவான். பிள்ளை அவன் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து அதை நக்கி நக்கித் தின்னும், தின்று முடித்து அவன் மீசையில் கையைத் துடைக்கும், துடைத்துவிட்டு அப்படியே கவிழ்ந்து உறங்கும். மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடப்பான். கொசு கடித்தாலும் கையைத் தூக்க மாட்டான்.

ஆனால் ஜன்னல் இடுக்கு என்று ஒன்று இருந்ததே. கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் நடந்து வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் பார்க்கிற பிள்ளை வேறு. வாரா வாரம் வளர்ந்தாள். முட்டியில் காயத்தோடு வந்தாள், ரெட்டைச் சடையோடு வந்தாள், ஒரு வாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே வந்ததும் மூக்கிலிருந்து வழுக்கி விழுந்த கண்ணாடியை எடுத்து, "இது யாருதுப்பா?" என்று கேட்டது பிள்ளை. "ஒரு அக்காதுட்டி" என்று அலமாரி மேல் பத்திரமாக வைத்தான். எப்போதிலிருந்து கண் தெரியவில்லை, தலைவலி வந்ததா, போர்டு தெரியாமல் வகுப்பில் திட்டு வாங்கினாளா என்று கேட்க நாக்கு துடித்தது, ஆனால் கேட்பதற்கு ஆள் உள்ளே இல்லை. பிறந்தநாளுக்கு அவன் கேக் செய்து கிரீமில் சரியான வயசைத்தான் எழுதுவான், பிள்ளை அதைப் பார்த்து, "எனக்கு நாலு! எனக்கு நாலு!" என்று காலை உதைத்து அழும், கத்தியால் வழித்து எறிந்துவிட்டு நாலு என்று எழுதுவான். நரைத்த மீசையை எடுத்துவிட்ட பிறகு தலையிலும் நரை ஏறிவிட்டது, கேக்கில் மட்டும் நாலு.

கோமதி இதில் எப்படி வந்து சேர்ந்தாள் என்றால், பசியால். உள்ளே இருக்கிற பிள்ளை தின்றது எதுவும் வெளியே போகிற பிள்ளை வயிற்றில் ஒட்டாது. மூன்று தோசை, மீன் வறுவல், கேக் தூள் எல்லாம் முடித்துவிட்டுக் கிளம்புகிற சுபி, கேட்டைத் தாண்டும்போதே "அம்மா பசிக்கி" என்று வயிற்றைப் பிடிப்பாள். கோமதி எத்தனை நாள் பொறுப்பாள்? எதிரியாகவே இருக்கட்டும், பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாத மனுஷன் உண்டா? கோர்ட்டில் எழுதிக் கொடுத்து இந்த ஞாயிற்றுக்கிழமையை நிறுத்திவிடப் போகிறேன் என்று ஜெபராணியிடம் குதித்தாள்.

"எழுதிக் குடுக்கதுக்கு முன்னால ஒரு தடவ உள்ள வந்து பாரு தாயி" என்றாள் ஜெபராணி. "சத்தியத்த எல்லாம் கொண்டு போய்க் குப்பையில போடு."

சுபி பதினொன்று முடிந்து பன்னிரண்டு பிறந்த வருஷம் அது. ஒரு ஞாயிறு மத்தியானம் கோமதி வந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு, கேட்பதற்கென்று ஒரு மூட்டை வார்த்தையை வாயில் கட்டிக்கொண்டு. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையில் மாவைக் கொட்டி விரலால் கோலம் கிறுக்கிக்கொண்டிருந்த குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது.

"அம்மா வந்துட்டா! அப்பா, கடைக்குப் போன அம்மா வந்துட்டா!"

ஓடிவந்த பிள்ளை வாசலைத் தாண்டிவிடுமோ என்று பதறிய நம்பி 'உள்ள வா கோமு' என்று கத்தினான். எட்டு வருஷம் வாயில் வராத பேர் அது. கோமதி என்ன ஏது என்று தெரியாமலே உள்ளே விழுந்து பிள்ளையை வாரிக்கொண்டாள். கேட்க வந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. பிள்ளையின் தலையை மோந்து மோந்து பார்த்தாள்; எந்த வருஷத்தில் போனதென்று தெரியாமலே போய்விட்ட வாசனை அது. "இவ்வளவு நேரமா கடைல என்னம்மா வாங்குன?" என்று கேட்டது பிள்ளை, அவள் விம்மி விம்மி அழுதாள், நம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அடுத்த வாரமும் கோமதி வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். மூன்று பேருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து இருவருமாகக் குளிப்பாட்டினார்கள், பிள்ளை நடுவில் படுத்து ஒரு கை அங்கே ஒரு கால் இங்கே என்று போட்டுக்கொண்டு உறங்கியது. அவர்கள் பிள்ளையைப் பற்றித்தான் பேசினார்கள், அதைத் தவிர ஒன்றையும் தொடவில்லை, தொட்டால் பழையபடி ஆகிவிடுமே என்று பயம். காம்பவுண்டு முழுக்கச் சந்தோஷம். சேர்ந்துவிடுவார்கள், இந்தத் தையிலே சேர்ந்துவிடுவார்கள் என்று சிவசு அண்ணாச்சி வெள்ளையடிக்கவே ஆள் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறாம் நம்பரில் இருந்து சிரிப்பு கேட்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிறு, கேட்டில் இருந்து வந்துகொண்டிருந்த சுபி பாதியில் நின்று, குழாயடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"வா மக்கா" என்றாள் ஜெபராணி.

"நான் வரல."

கோமதி கெஞ்சினாள், அதட்டினாள், பிள்ளை அசையவில்லை. ஜன்னல் இடுக்கில் நின்ற நம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எட்டு வருஷமாக அந்த நேரத்தில் அவன் வெளியே வந்ததே கிடையாது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், பிறகு கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வாசல்படியைத் தாண்டி வெயிலில் இறங்கி வந்தான். கிட்டே வந்ததும் தடுமாறிப் போனான், பெற்ற மகளை நீ என்பதா நீங்க என்பதா என்று.

சுபி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "நீங்கதான் அப்பாவா? போட்டோல மீச இருந்துச்சு."

"எடுத்துட்டேன்… நாளாச்சு."

"நான் உள்ள வந்தா பாப்பாவா ஆயிருதேன்னு அம்மா சொன்னா. அப்ப நான் என்ன செய்வேன்?"

அவன் சொன்னான். கேக் தூளைச் சொன்னான், வயிற்றில் படுத்து உறங்குவதைச் சொன்னான், மாவில் கோலம் போடுவதைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்தது, கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கியது.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா. வாசப்படில கால வைப்பேன், சாயங்காலம் ஆயிரும். பசிக்கும். அவ்வளவுதான். முன்னெல்லாம் அம்மாவாவது எனக்கு இருந்தா, சாயங்காலம் கேட்டுல நிப்பா. இப்ப அவளும் உள்ள போயிருதா." குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை, அம்மாவைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் சேந்து அந்தப் பாப்பாவத்தான் பாக்கீங்க. அவளுக்கு அப்பா இருக்காங்க, அம்மா இருக்கா. எனக்கு ஞாயித்துக்கிழமையே இல்ல."

ஜெபராணியின் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, குழாயை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை. கோமதி அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நம்பிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை ஞாயிறும் பிள்ளைக்குக் கொடுத்ததாக நினைத்தது எல்லாம் அவனே தின்று தீர்த்தது என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது. உள்ளே இருக்கிறவளை விட்டால் அவனால் இருக்க முடியுமா? முடியாதுதான். வெளியே உட்கார்ந்திருக்கிறவளை இன்னொரு தடவை அந்த வாசலுக்குள் தொலைக்கலாமா?

அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "ஒரே ஒரு தடவ உள்ள வாரியா?" என்று கேட்டான். "அவட்ட சொல்லாம இருந்துட்டேன்னா… தேடுவாட்டி."

சுபி யோசித்தாள். கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். "தொலைச்சிராதீங்க. வெளிய வரும்போது ஜெபராணி அத்த வேண்டாம். நீங்க வாங்க."

உள்ளே வந்ததும் பிள்ளை வழக்கம்போலக் கேட்டது, "அம்மா எங்கப்பா?" என்று, பின்னாலேயே கோமதி வந்து நின்றாள். அன்றைக்கு அலமாரியிலிருந்து சின்ன கவுனை எடுக்கவில்லை. கேக் தூளை நம்பி ஊட்டிவிட்டான், கடைசித் துணுக்குவரை விரலில் ஒற்றி ஊட்டிவிட்டான். கோமதி அந்தப் பெரிய சுடிதாரின் கையை மடித்து மடித்துவிட்டு, காலைச் சுருட்டிவிட்டு, தலை சீவி, கன்னத்தில் பொட்டு வைத்தாள். தன்னைக் குனிந்து பார்த்துப் பிள்ளை கெக்கெக்கெக்கெ என்று சிரித்தது.

"எங்கப்பா போறோம்?"

"கடைக்கு மக்கா."

"மூணு பேருமா?"

"மூணு பேருந்தான்."

"திரும்பி வருவோம்லா?"

நம்பி கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்தான். கோமதிதான் சொன்னாள்: "நீ அப்பா கழுத்த நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கோ."

பிள்ளையை இடுப்பில் தூக்கினான். பஞ்சு கனம். கேக் மணக்கிற வாயை அவன் கழுத்தில் வைத்துக்கொண்டது. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, ஒரு கையால் அதன் முதுகைத் தடவிக்கொண்டு மெள்ள நடந்தான். வாசல்படிக்கு முன்னால் நின்றான், நிற்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், வலது காலை எடுத்து வெளியே வைத்தான்.

எட்டு வருஷமும் ஒரே மூச்சில் இடுப்பில் இறங்கியது. மைதா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறுகிறவன்தான், ஆனாலும் கால் மடங்கிவிட்டது. மடித்துவிட்ட கையெல்லாம் நிறைந்து நீண்டது, சுருட்டிவிட்ட கால் அவிழ்ந்து அவன் முழங்கால் வரைக்கும் தொங்கியது, கன்னத்துப் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. ஜெபராணி பிடிக்க ஓடிவந்தாள், கோமதி கையை நீட்டினாள். நம்பி யாரையும் விடவில்லை. நிலையில் தோளைக் கொடுத்து நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, பன்னிரண்டு வயசுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினான்.

"அப்பா, விடுங்கப்பா, எல்லாரும் பாக்காங்க" என்றாள் சுபி. சொன்னாளே தவிர கழுத்தைக் கட்டியிருந்த கையை எடுக்கவில்லை. பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து அவன் கோணலாக மாட்டிவிட்டான். அவள் சுற்றிப் பார்த்தாள், காம்பவுண்டைப் பார்த்தாள், தலைக்கு மேலே பார்த்தாள்.

"இன்னும் வெயில் அடிக்கே!" என்றாள். "இன்னும் சாயங்காலமே ஆகலியா?"

"ஆகல மக்கா. நெறைய நேரம் கெடக்கு."

மூன்று பேருமாக நிஜமாகவே கடைக்குப் போனார்கள். சுபி இரண்டு புரோட்டாவைத் தின்றுவிட்டு மூன்றாவதை யோசித்தாள், தின்றது வயிற்றில் நின்றது. கண்ணாடி போட்ட கதையை, வகுப்பில் திட்டு வாங்கிய கதையை எல்லாம் நம்பி ஒன்று விடாமல் கேட்டான். எட்டு வருஷக் கேள்வி ஒரு நாளில் தீருமா? அஞ்சு மணிக்குக் கோமதியும் மகளும் பஸ் ஏறினார்கள். சிவசு அண்ணாச்சி நினைத்தபடி அவர்கள் சேரவில்லை, அது வேறு கணக்கு. ஆனால் அதற்குப் பிறகு கேட்டில் பிள்ளையை வாங்க ஜெபராணி போக வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்பி தன் வீட்டைப் பூட்டிவிட்டுக் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து மகளோடு சாப்பிடுகிறான், மழை வந்தால் ஜெபராணி வீட்டில் ஒதுங்குகிறார்கள். பூட்டின கதவுப் பக்கம் மட்டும் அவன் பார்ப்பதில்லை. கடைக்குப் போனவர்கள் வருவார்கள் என்று உள்ளே ஒருத்தி மாவில் கோலம் போட்டுக்கொண்டு காத்திருக்கிறாளோ என்னவோ, அது நமக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது, தெரியாததுதான் அவனைக் கொல்கிறது.

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட இடுப்பு வாரக்கணக்கில் நிமிரவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தான், சாய்ந்தே மாவு பிசைந்தான். ஜெபராணி தைலத்தைச் சூடுபண்ணி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"குப்புறப் படு, தேச்சு விடுதேன். ஒரே நாள்ல சரியாப் போயிரும்."

"வேண்டாங்கா," என்றான் நம்பி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "கொஞ்ச நாள் இருக்கட்டும்."